கொங்கு என்று அடிக்க ஆறு தட்டு

பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொங்கு' என்று அடிக்க ஆறு தட்டு வேண்டும். முதலில் ஒற்றைக்கொம்பு. அது தாளில் விழும், கேரியேஜ் ஓரிடம் நகரும். பிறகு க. பிறகு கால். இதுவரை கண் பார்க்கிற வரிசையேதான். நாலாவது தட்டு புள்ளி. புள்ளி தாளில் விழும், ஆனால் கேரியேஜ் அசையாது. எழுத்தே இல்லாத இடத்தின் தலைக்கு மேல் புள்ளி மட்டும் நிற்கும். ஐந்தாவதாக ங அடித்தால் அது சரியாகப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அப்போதுதான் கேரியேஜ் நகரும். ஆறாவது, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு கு.

நாலாவது தட்டில் வேலை செய்ததற்கு நகரா விசை என்று பெயர். சிங்கப்பூரில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் யோசனையில் அது தமிழுக்கு வந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலையில் இரும்பாகியது. பின்னாளில் கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி மாடி அறைகளில் தலைமுறை தலைமுறையாக விரல்களில் ஏறியது. இன்று மெக்கானிக்கல் கீபோர்டு, சின்னத் திரை, ஒரு பேட்டரி மூன்றையும் ஒரு பெட்டியில் அடக்கி, கையில் தூக்கிக்கொண்டு போகிற தமிழ் டிஜிட்டல் தட்டச்சுப் பொறி செய்யலாம் என்று கிளம்புகிறவர் முன்னால் மறுபடியும் வந்து நிற்கிறது. நகராத விசைக்கு இது கொஞ்சம் நீண்ட பயணம்தான்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரர் ரா. முத்தையா. 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, இருபது வயதை ஒட்டி மலேயாவுக்குக் கப்பலேறி, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவர். ஆங்கிலத்தில் நாள் முழுக்க அடித்துத் தள்ளுகிற கைக்கு, வீட்டு மொழியில் ஒரு வரிகூட அடிக்க முடியவில்லை என்பது உறுத்தாமல் இருக்குமா? தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்து. தட்டச்சுப் பொறியில் இருப்பது நாற்பத்துச் சொச்சம் விசை, ஷிப்ட்டோடு சேர்த்தால் அதன் இரட்டிப்பு. பாதிக்கு மேற்பட்ட எழுத்துக்கு இடமே கிடையாது. எழுத்துகளைத் துண்டுபோட்டாக வேண்டும்.

அதை அவர் துண்டுபோட்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொம்பு, கால், இணைக்கொம்பு போன்றவை எழுத்துக்கு முன்னோ பின்னோ தனி இடம் பிடித்து நிற்பவை. அவற்றுக்குத் தனி விசை கொடுத்தால் போதும். கு, சு, து, நு, ரு என்று உகரமேறிய எழுத்துகள் ஒரே மாதிரிக்குள் அடங்காத உருவம் கொண்டவை. அவற்றில் பலவற்றை முழு எழுத்தாகவே விசையில் ஏற்ற வேண்டியதாயிற்று. மிச்சம் இருப்பவை புள்ளியும் இகர ஈகார விசிறிகளும். இவை எழுத்தின் தலைமேல் ஏறி உட்காருபவை, தனி இடம் கேட்பதில்லை. இவற்றை நகரா விசையாக்கினார். முதலில் குறி, பிறகு எழுத்து.

நகராத விசை முத்தையா கண்டுபிடித்த சங்கதி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் பொறிகளில் எழுத்தின் தலையில் வைக்கும் தொப்பிக் குறிக்கு அது ஏற்கெனவே இருந்தது. பொறிக்குள் நடப்பதும் எளிதுதான். எழுத்துத் தண்டு எழும்பித் தாளை அடிக்கும்போது, கூடவே ஒரு குறுக்குச் சட்டத்தையும் தள்ளும். அந்தச் சட்டம்தான் கேரியேஜை ஒரு பல் விடுவிக்கிறது. நகரா விசையின் தண்டு அந்தச் சட்டத்தைத் தொடாத மாதிரி செய்துவிட்டால் தீர்ந்தது. முத்தையாவின் திறமை இரும்பில் இல்லை. தமிழில் எது நகர வேண்டும், எது நகரக் கூடாது என்று பிரித்துப் பார்த்த கண்ணில் இருக்கிறது. பொறியாளர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரித்தறியும் வேலையை நாம் ஏனோ எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

அவருடைய பொறிகளைச் செய்து தந்தது டிரெஸ்டனின் சைடல் அண்ட் நௌமான். அந்த நிறுவனம் தையல் இயந்திரமும் சைக்கிளும் செய்துகொண்டிருந்து, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது தட்டச்சுப் பொறிக்குள் நுழைந்தது. அதற்கும் முன்னால், 1874இல் அமெரிக்காவில் முதல் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த ரெமிங்டன், துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்த கம்பெனி. சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை மயிரிழை பிசகாமல் அசைய வைக்கத் தெரிந்தவனால் எழுத்தையும் அசைய வைக்க முடியும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூற்பாலைக்கு உதிரிபாகம் கடைந்து கடைந்தே பம்பும் மோட்டாரும் செய்யக் கற்ற ஊர் இது. முத்தையாவின் பொறிகள் நடமாடத் தொடங்கிய அதே 1930களில், 1937இல், இந்த ஊரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். தமிழ்த் தட்டச்சும் இங்கேயே செய்யப்பட்டிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. வரலாறு அந்தப் பக்கம் போகவில்லை.

சைடல் அண்ட் நௌமான் ஐடியல் என்ற பெயரில் மேசைப் பொறியும், எரிகா என்ற பெயரில் சின்னப் பொறியும் செய்தது. வெளிநாட்டுக்குப் போன சின்னப் பொறிக்கு பிஜோ என்று பெயர். பெட்டியில் போட்டுப் பூட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆக, தூக்கிச் செல்லக்கூடிய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஒன்றும் புதுக் கனவு அல்ல. முத்தையாவின் தமிழ் பிஜோ தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சமாச்சாரம். பிறகு போர் வந்தது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப் பின் அந்த நகரம் சோவியத் பகுதிக்குள் போயிற்று.

இங்கே தமிழ்ப் பொறிக்கு உண்மையான தேவை பிறந்தது 1956இன் ஆட்சிமொழிச் சட்டத்தால். அரசுக் கடிதம் தமிழில் போக வேண்டும் என்றால் அதை அடிக்க ஆள் வேண்டும், ஆளுக்குப் பொறி வேண்டும். 1955இல் கோத்ரெஜ் முதல் இந்தியத் தட்டச்சுப் பொறியைக் கொண்டுவந்தது. ரெமிங்டனும் கோத்ரெஜும் தாலுகா அலுவலகங்களில் தமிழில் சத்தம் போடத் தொடங்கின. அதோடு கொங்கு நாட்டின் ஒவ்வொரு ஊரிலும், பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, துணிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ மேல்மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முளைத்தது.

கதவைத் திறந்தால் ரிப்பன் மையும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை. வரிசையாக மேசை, ஒவ்வொரு மேசையிலும் மூடி போர்த்திய பொறி. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையை வீட்டில் முதலில் அனுப்புகிற இடம் இதுதான். முதல் பாடம் நடுவரிசை: ய, ள, ன, க. சுண்டுவிரலுக்கு ய. மாஸ்டர் பின்னாலிருந்து, "கீழ பாக்காத கண்ணு, விரலுக்குத் தெரியும், நீ தாளப் பாரு" என்பார். ஒரு மாதத்தில் விரலுக்கு உண்மையாகவே தெரிந்துவிடும். லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துவது. ஹையருக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை. பரீட்சை நாளன்று இன்ஸ்டிடியூட்டிலிருந்து பொறிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டிக்குள்ளிருந்து மார்ஜின் மணி தானாக அடிக்கும். போர்ட்டபிள் என்பதற்கு எங்கள் ஊர் விளக்கம் அது.

இந்த இடத்தில் ஈரோட்டைச் சொல்லாமல் நகர முடியாது. பெரியாரின் குடியரசு 1925 மே மாதம் அங்கேதான் தொடங்கியது. 1935இல் அவர் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தன் ஏட்டிலேயே நடைமுறைப்படுத்தினார். றா, ணை, லை, னோ போன்ற 13 எழுத்துகள் தனித்தனி உருவத்தோடு அச்சுக்கோப்பவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மற்ற எழுத்துகளின் மாதிரியிலேயே காலும் இணைக்கொம்பும் வைத்து எழுதலாம் என்றார். தமிழக அரசு அதை ஏற்றது 1978இல், அவருடைய நூற்றாண்டையொட்டி. ஈயத்தில் யோசித்த சீர்திருத்தம்தான், ஆனால் லாபம் விசைப்பலகைக்கும் சேர்ந்து கிடைத்தது. முத்தையா எழுத்தைத் துண்டுபோட்டார் என்றால், பெரியார் துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். இருவரும் ஒரே கணக்கை இரண்டு முனையிலிருந்து போட்டவர்கள்.

இரும்புப் பொறி 2009இல் முடிந்தது, கோத்ரெஜ் உற்பத்தியை நிறுத்தியபோது. ஆனால் விரல் முடியவில்லை. கணினி வந்தபோது டிடிபி கடைகளில் உட்கார்ந்தவர்கள் லோயர், ஹையர் முடித்தவர்கள்தான். பழைய பொறியின் வரிசையிலேயே எழுத்துருக்கள் வந்தன. கொம்பை முதலில் அடி, க அடி, கால் அடி. திரையிலும் அப்படியே விழும். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீஸும் ஓடின.

அடுத்த திருப்பமும் சிங்கப்பூரிலிருந்தே வந்தது. நா. கோவிந்தசாமி அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர். தமிழ் இணையத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். கண்ணுக்குத் தெரிகிற துண்டுகளை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்கிற ஒலிகளை விசையில் வைக்கலாம் என்பது அவருடைய வழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் அந்த வழியில் தேறியதுதான் தமிழ்99. உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒன்று, ஆக 31 விசை. ஷிப்ட்டே தேவையில்லை. 'கொங்கு' அடிக்க க, ஒ, ங, க, உ என்று ஐந்தே தட்டு. ங-வுக்குப் பின்னால் க வந்தால் ங-வின் தலையில் புள்ளி தானாக ஏறிக்கொள்ளும். அரசு அந்த ஆண்டே அதை ஏற்றது. மாநாடு முடிந்த சில மாதங்களில் கோவிந்தசாமி காலமானார்.

தமிழ்99 நல்ல பலகை. ஆனால் ஏற்கெனவே விரலில் ஒரு பலகை ஏறியிருக்கிறவரிடம் இன்னொன்றைக் கொடுப்பது, வலக்கையால் சாப்பிடுகிறவரை இடக்கையால் சாப்பிடச் சொல்வது போலத்தான். ஆகவே இன்றுவரை இரண்டும் ஓடுகின்றன.

இனி அந்தப் புதுப் பொறிக்கு வருவோம்.

எழுதுவதற்கென்றே ஒரு கருவி, வேறு எதுவும் அதில் கிடையாது என்ற எண்ணம் உலகத்தில் பல தடவை வந்து போயிருக்கிறது. அமெரிக்காவில் 1990களில் ஆல்பாஸ்மார்ட் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது, பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், 2013இல் நின்றுபோனது. ஜப்பானில் கிங் ஜிம் கம்பெனி 2008இல் பொமேரா என்று ஒன்றை விட்டது. 2014இல் ஹெமிங்ரைட் என்ற பெயரில் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கிளம்பியது, பிறகு ஃப்ரீரைட் ஆனது: மின்தாள் திரை, செர்ரி எம்எக்ஸ் மெக்கானிக்கல் விசை. இவற்றில் என்னை யோசிக்க வைப்பது பொமேராதான். ஜப்பானியருக்கும் எழுத்து அதிகம், அவர்கள் எழுத்துக்கு வேறு யாரும் செய்து தரமாட்டார்கள், ஆகவே அவர்களே செய்துகொண்டார்கள். நமக்கு அப்படி ஒரு கம்பெனி இல்லை. வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனக்குத் தானே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுவதில் பாதி வேலை கோவையில் வேலையே அல்ல. பெட்டிக்கு அலுமினியம் மில்லிங் செய்ய கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஆள் இருக்கிறார்கள். வால்வு உறைக்கு மைக்ரான் பார்க்கிறவர்களிடம் கீபோர்டு தகட்டில் 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டை போடச் சொன்னால் சிரிப்பார்கள். விசைகள் செர்ரி எம்எக்ஸ் வகை என்றால் முழு அழுத்தம் 4 மில்லிமீட்டர், பாதி வழியிலேயே, சுமார் 2 மில்லிமீட்டரில், சமிக்ஞை போய்விடும். கிளிக் சத்தம் கேட்கிற நீல விசை, கிளிக்கும் முட்டும் இல்லாத சிவப்பு, நடுவில் ஒரு சின்ன முட்டு மட்டும் தெரிகிற பழுப்பு. இன்ஸ்டிடியூட்டில் பழகிய கைக்கு நீலம்தான் பிடிக்கும், பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குப் பிடிக்காது. விசைகளை வரிசையும் பத்தியுமாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டையோடு வைத்து, இஎஸ்பி32 போன்ற ஒரு சில்லில் இணைத்தால் கீபோர்டு தயார். ஒரு 18650 லித்தியம் செல் சுமார் 2500 மில்லிஆம்பியர் மணி கொடுக்கும். வைஃபையை அணைத்துவிட்டு 50 மில்லிஆம்பியருக்குள் ஓட்டினால் கணக்குக்கு ஐம்பது மணி நேரம். நடைமுறையில் குறையும், இருந்தாலும் ஒரு சிறுகதைக்குப் போதும்.

திரையில் சிக்கல் தொடங்குகிறது. மின்தாள் வெயிலில் பளிச்சென்று தெரியும், படம் மாறாமல் நிற்கும்வரை மின்சாரமே குடிக்காது. ஆனால் மந்தம். திரையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி வரையவே வழக்கமாகச் சுமார் 0.3 வினாடி எடுக்கிறது. ஹையர் பாஸ் செய்தவரின் வேகத்தைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 45 வார்த்தை, வார்த்தைக்கு ஐந்து தட்டு என்றால் 225 தட்டு. ஒரு தட்டுக்கு 0.27 வினாடிதான். திரை முதல் எழுத்தை வரைந்து முடிப்பதற்குள் விரல் அடுத்த எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் வரையாமல், தட்டுகளைச் சேர்த்து வைத்து, கை ஓய்கிற நொடியில் மொத்தமாக வரைந்தால் தப்பிக்கலாம். பழைய பொறியில் இந்தப் பேச்சே கிடையாது. அடித்த கணத்தில் எழுத்து தாளில் இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. 'கொங்கு' என்ற சொல் கணினியில் ஆறு குறிகளாகக் கிடக்கிறது: க, பிறகு ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 18. இது ஒலியின் வரிசை. முதலில் க, பிறகுதான் அதன் உயிர். போனிலும் கம்ப்யூட்டரிலும் இந்த ஒலி வரிசையை எடுத்து, கொம்பை இடப்பக்கம் தள்ளி, காலை வலப்பக்கம் வைத்து, க-வையும் உகரத்தையும் ஒரே உருவமாக்குகிற மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹார்ஃப்பஸ் என்று ஒன்று, ஆண்ட்ராய்டு போனில் இருப்பதும் அதுதான். நமக்குத் தெரியாமலே உழைக்கிறது. சின்னச் சில்லுகளுக்கென்று கிடைக்கிற வரைபட நூலகங்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆங்கிலம் போலவே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துகொண்டே போகும். திரையில் முதலில் க நிற்கும், அதற்கு வலப்பக்கம் கொம்பும் காலும் நடுவில் ஓட்டையுமாக, பிறகு ங, பிறகு தனியே ஒரு புள்ளி, பிறகு மொட்டைக் க, அதன் பக்கத்தில் எதிலும் ஒட்டாத ஒரு சுழி. கொ, ங், கு மூன்றுமே உடைந்திருக்கும். சொந்த ஊர்ப் பெயரே அப்படி விழுந்து கிடப்பதைப் பார்க்கும்போது சோல்டரிங் வேலை எல்லாம் விளையாட்டாகத் தோன்றும்.

வழி இரண்டு. ராஸ்பெரி பை மாதிரிப் பெரிய பலகை போட்டு முழு லினக்ஸை ஓட்டலாம். எழுத்து அழகாக வரும், பேட்டரி சீக்கிரம் தீரும், பொறியைத் திறந்ததும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, எழுத்தைத் துண்டுகளாகச் சேர்ப்பதையே விட்டுவிட்டு முழு எழுத்துகளின் படத்தை அப்படியே சில்லுக்குள் வைத்துவிடுவது. 247 எழுத்து, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளும் ஸ்ரீயும் சேர்த்தால் 313. ஒவ்வொன்றுக்கும் 64க்கு 32 புள்ளிக் கட்டம் கொடுத்தாலும் 256 பைட். மொத்தம் 80 கிலோபைட் சொச்சம். நாலு மெகாபைட் நினைவகம் உள்ள சில்லுக்கு இது ஓர் ஓரம்.

இந்த 'எழுத்துக்கு ஒரு குறி' என்ற வாதத்துக்குக் கோவையில் ஒரு நினைவு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும். மாநாட்டின் முதல் நாள் தேதியிட்ட அரசாணை, ஒலி வரிசையில் எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடைத் தரமாக ஏற்றது. கூடவே, யூனிகோடு சரிப்படாத இடங்களுக்கு மாற்றாக, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி தருகிற டேஸ்16 என்ற முறையையும் வைத்தது. யூனிகோடு போதும் என்றும் போதாது என்றும் அன்று பெரிய சண்டை. இணையத்தில் யூனிகோடு ஜெயித்தது, அது நியாயமும்கூட. உலகத்தோடு பேச வேண்டுமே. ஆனால் 80 கிலோபைட் படத்தை வைத்துக்கொண்டு சின்னச் சில்லோடு மல்லுக்கட்டும்போது மற்றக் கட்சியின் பேச்சிலும் பொருள் இருந்தது தெரிகிறது. சேமிப்பது யூனிகோடில், வரைவது முழு எழுத்தில் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம்.

பழைய பலகையையே இந்தப் புதுப் பொறியில் வைப்பதாக இருந்தால், நகரா விசை திரும்ப வருகிறது. விரல் கண்ணின் வரிசையில் அடிக்கும், சில்லு ஒலியின் வரிசையில் சேமிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு வந்தால் அதை எழுதாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். க வந்தால் க-வை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்க வேண்டும். அடுத்துக் கால் வந்தால் அந்த எகரத்தை ஒகரமாக மாற்ற வேண்டும். புள்ளி வந்தால் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இரும்பில் குறுக்குச் சட்டத்தைத் தொடாமல் நின்ற தண்டு, மென்பொருளில் ஒரு தற்காலிக நினைவாகிறது. அதுவரை சுலபம்.

ஔகாரத்தில் மாட்டிக்கொள்வோம். பழைய பொறியில் ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டுக்குத் தனி விசை இல்லை. ள-வையே அடிப்பார்கள். தாளில் இரண்டும் ஒரே உருவம், யாருக்கும் நஷ்டமில்லை. கணினிக்கு அவை வேறு வேறு. பௌர்ணமி என்று தேடினால் ள போட்டு அடித்த பௌர்ணமி அகப்படாது. ஔவையாரை ஒகரமும் ளகரமுமாக அடித்த பக்கங்கள் இணையத்தில் இன்றும் நிறையக் கிடக்கின்றன. எல்லாம் தட்டச்சுக் கை விட்டுப்போன சுவடு. அரசு அலுவலகங்களில் வெகுகாலம் ஓடிய வானவில் என்ற தொகுப்பின் ஓர் எழுத்துருவுக்கே ஔவையார் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது தனி வேடிக்கை.

கொம்பு, ஒரு மெய், பிறகு ள என்று தட்டு வந்தால், அது ஔகாரமா, உண்மையான ள-வா? இங்கேதான் குறியை முதலில் அடிக்கும் பழக்கம் கைகொடுக்கிறது. 'வெள்ளம்' என்று அடிக்கிறவர் ள-வுக்கு முன்பே புள்ளியை அடித்துவிடுவார். 'தெளிவு' என்றால் விசிறி முன்னால் வந்துவிடும். 'கெளுத்தி' என்றால் ளு-வுக்கு உரிய அடி வேறு. ஆகவே எந்தக் குறியும் முன்னால் வராமல் மொட்டையாக ஒரு ள வந்தால், அநேகமாக அது ஔகாரம்தான். வௌவால், பௌத்தம், கௌரி எல்லாம் இந்த விதியில் சரியாக விழும். ஒலி வரிசையில் யோசித்திருந்தால் இந்தத் துப்பு கிடைத்திருக்காது.

இந்த விதி தோற்கிற இடம் ஒன்று உண்டு, அது நம் ஊர்ப் பேச்சு. விளக்கை வெளக்கு என்போம், மிளகாயை மெளகா என்போம், விளையாட்டு வெளயாட்டு. கொங்கு வழக்கை நாவலுக்குள் முதலில் துணிந்து கொண்டுவந்தவர் ஆர். சண்முகசுந்தரம், 1942இல் வந்த 'நாகம்மாள்' நாவலில். பிறகு பெருமாள்முருகன் வரை ஒரு வரிசையே இருக்கிறது. இந்த எழுத்துக்காரர்களின் கையில் நம் பொறியைக் கொடுத்தால், அம்மிணி கடையில் மெளகா வாங்கக் கிளம்பி வேறு ஏதோ சரக்கு வாங்கிக்கொண்டு வருவாள். ஆகவே ஔகாரத்தைப் பிரித்து ள-வாக்க ஒரு தனி விசை கட்டாயம். ஸ்பேஸ்பாருக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கலாம். இப்படி ஒரு விசை உலகத்தில் வேறு எந்தப் பொறியிலும் தேவைப்பட்டிருக்காது.

பலகை எது என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும். மென்பொருளில் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் போதும். புதிதாகக் கற்கிறவர் தமிழ்99 கற்கட்டும். லோயர் முடித்த அக்கா, ரிட்டயர்டான ஆர்.ஐ., கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு அடித்துக்கொடுத்தவர், இவர்கள் விரலில் ஏற்கெனவே இருப்பதை ஏன் அழிக்க வேண்டும்? அவர்களில் எழுத நிறைய வைத்திருப்பவர்கள் உண்டு.

கடைசியாக மிஞ்சுவது விசைமூடிகள். மூடியின் மேல்முகத்தில் பழைய பலகையையும், நம்மைப் பார்க்கிற முன்முகத்தில் தமிழ்99ஐயும் லேசரில் பொறிக்கலாம். கோவையில் பெயர்ப்பலகையும் கோப்பையும் பொறிக்கிற கடைகளுக்கு இது சின்ன வேலை. ஆனால் எழுத்துகளை எழுத்துகளாகவே கோப்பில் போட்டு அனுப்பிவிடக் கூடாது, வளைகோடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். யூனிகோடில் கொம்பு தனியே நிற்கிற எழுத்து அல்ல. மெய்யில்லாமல் வந்தால் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தை மென்பொருள் தானாகப் போட்டுவிடும், லேசரும் அதை விசுவாசமாக அப்படியே செதுக்கிவைக்கும். வளைகோடாக்கும்போது அந்த வட்டத்தைக் கையால் எடுத்துவிட வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, கால், புள்ளி, இரண்டு விசிறி என்று ஏழெட்டு மூடிகளுக்கு இந்த வேலை இருக்கிறது.